ஆறடி ஏணிதானே என்று ஏறியவன்

2018இல் ஓசூர் பக்கம் ஒரு கோழி இறைச்சி ஆலையில் ராத்திரி கிளீனிங் வேலை. கோழிகளைத் தலைகீழாக மாட்டி இழுத்துப்போகும் லைன் தலைக்கு மேலே ஓடும். அதில் படிந்த கொழுப்பை ஏணி போட்டுத்தான் சுரண்ட வேண்டும். கீழே நுரை மருந்தும் வெந்நீரும் கொழுப்பும் கலந்து தரை எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி இருக்கும். ஏணியின் ஒரு காலில் ரப்பர் போய், சாக்குத் துணி சுற்றியிருந்தார்கள். அந்தக் கால்தான் வழுக்கியது. கம்பூட்டோடு நின்றபடியே தரைக்கு வந்தேன், தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தது.

காண்ட்ராக்டர் வண்டியிலேயே சொல்லிவிட்டார்: "பைக்கில் விழுந்தேன்னு சொல்லு தம்பி, செலவை நாங்க பார்த்துக்கிறோம்." ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படியே ஏறியது. கட்டுச் செலவு கொடுத்தார்கள், அவ்வளவுதான். வேலையில் பட்ட அடி என்றால் ஈஎஸ்ஐயில் (தொழிலாளர் காப்பீட்டில்) சேர்ந்த முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. பைக்கில் விழுந்தது மாதிரி மற்றதற்கு லீவில் பணம் வர 78 நாள் சந்தா போயிருக்க வேண்டும். நான் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாமா வேறு புத்தூர் கட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்!

— பர்கூரிலிருந்து:
அண்ணா, எங்கள் வீட்டுக்காரரும் குளிர் அறையில் ஃபேன் மேல் உறைந்த ஐஸைத் தட்டும்போது ஏணியோடு சாய்ந்தார், மணிக்கட்டு போச்சு. சூப்பர்வைசர் முறைத்தாலும் ஆஸ்பத்திரியில் நடந்ததையே சொன்னோம். கம்பெனி விபத்து அறிக்கை, 12ஆம் படிவம், ஈஎஸ்ஐக்கு அனுப்பியது. வேலைக்குத் திரும்பும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் வந்தது. இரண்டு முறை அலைய விட்டார்கள், அது வேறு கதை.

— தருமபுரியிலிருந்து, ஃபிட்டர்:
நாலடி உயரத்துக்கு ஏணிக் காலை ஓரடி தள்ளி வை என்று பயிற்சியில் சொல்வார்கள். காய்ந்த தரைக்கு அது சரி. கொழுப்புத் தரையில் எந்தச் சாய்வில் வைத்தாலும் கால் நகரும், ஏணியின் தலையைக் கட்டினால்தான் நிற்கும். லைனுக்கு அடியில் அதை எங்கே கட்டுவது? பிரேக் போட்ட, கைப்பிடி வைத்த தள்ளுமேடை கேளுங்கள். நாங்கள் ஒரு வருடம் கேட்டோம், வந்தது.

அப்புறம், அந்த சாக்குத் துணி ஏணியைத் தூக்கிப் போட்டார்களா?

— ஏறியவன்:
இல்லை அண்ணா. போன மாதம் பார்த்தேன். இப்போது இரண்டு காலிலும் துணி.