வெக்கையா, புழுக்கமா? வினாக்கொத்துக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஓட்டுக்கூரையும் நடுமுற்றமும் கொண்ட சில பழைய நாற்சார் வீடுகளில் வசிப்போர், கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் இம்மாதங்களில் வெப்பத்தை எவ்வாறு உணர்கிறார்கள் என்பதை எனது இறுதியாண்டு ஆய்வுக்காகப் பதிவுசெய்து வருகிறேன். அளவீடுகளில் சிக்கல் இல்லை. சுற்றுப்பரப்புகளின் கதிர்வெப்பத்தையும் சேர்த்து அளக்கும் கோள வெப்பமானிக்குக்கூட மேசைப்பந்து ஒன்றுக்குக் கறுப்பு வர்ணம் பூசிச் சமாளித்துவிட்டேன்.

சிக்கல் வினாக்கொத்தில்தான். குளிர் முதல் வெப்பம் வரையான ஏழு படிகளைப் பாடநூல் தமிழில் நான் வாசித்தபோது, திண்ணையில் பனையோலை விசிறியோடு அமர்ந்திருந்த அம்மம்மா ஒருவர், "வெக்கையைக் கேக்கிறீரோ தம்பி, புழுக்கத்தைக் கேக்கிறீரோ?" என்று திருப்பிக் கேட்டார். அவர் கேட்டது சரியே. உலர்ந்த கச்சான் உடலைச் சுடுவது வெக்கை. காற்று அசையாது வியர்வை உலராமல் நிற்பது புழுக்கம். இயற்கைக் காற்றோட்டக் கட்டடங்களுக்கான ஆஷ்ரே 55 (அமெரிக்கப் பொறியியலாளர் சங்கமொன்றின் வெப்ப வசதித் தரநிலை) சமன்பாட்டின்படி, வெளி வெப்பநிலையின் சராசரி 30 பாகை செல்சியஸ் எனில் உள்ளே 27.1 பாகை உகந்தது, அதிலிருந்து 3.5 பாகை ஏறினாலும் இறங்கினாலும் 80 சதவீதத்தினர் ஏற்பர். ஆனால் அச்சமன்பாட்டில் ஈரப்பதனுக்குத் தனி இடமில்லை.

ஆகவே, தமிழில் இத்தகைய வினாக்கொத்தைப் பயன்படுத்தியவர்கள், 'சற்றே வெப்பம்' என்ற படிக்கு எச்சொல்லைக் கையாண்டீர்கள் என்றும், புழுக்கத்தைத் தனி வினாவாக்கினீர்களா என்றும் தெரிவிப்பீர்களா? ஓட்டைக் கழற்றி அஸ்பெஸ்டஸ் தகடு போட்ட பழைய வீடு நகரில் எவரிடமாவது இருந்தால், ஒப்பீட்டுக்காக ஒரு வாரம் கருவியை வைக்க அனுமதி தந்துதவுங்கள்.