மருந்து ஆய்வில் சேர்ந்தவர்கள், சேரச் சொன்னவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்:

மருத்துவமனையில் மருந்து ஆய்வு என்றதும் பலரும் கேட்பது, "எங்களை வைத்துச் சோதித்துப் பார்க்கிறீர்களா?" என்றுதான். ஆமாம் என்பதே நேர்மையான பதில். மழுப்பாமல் அதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தொற்றுநோய் ஆய்வு, அரிய நோய் ஆய்வு இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். முன்னதில் நேரம் இருக்காது, பின்னதில் ஆள் இருக்காது.

ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டும்போது பக்கவிளைவுகளைக் கேட்டு யாரும் பெரிதாக அதிர்வதில்லை. யாருக்கு எந்த மருந்து என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும் என்ற வரியில்தான் நிறுத்துவார்கள். ஒரு பெரியவர், "டாக்டர் என்னைப் பார்த்துத்தானே மருந்து எழுதணும்?" என்றார். நியாயமான கேள்வி. இரண்டில் எது நல்லது என்று உண்மையிலேயே தெரியாத நிலையில்தான் இப்படிக் குலுக்கிப் போட அனுமதி, தெரிந்துகொண்டே செய்தால் தவறு என்று விளக்கினேன். "அப்போ உங்க டாக்டருக்கும் தெரியாதா?" "தெரியாதுங்க ஐயா." மகனிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர், மறுநாள் மகனோடு வந்து விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார். அவருடைய வழக்கமான சிகிச்சை அப்படியே தொடர்ந்தது. என்னைக் கேட்டால், உருப்படியாக நடந்த ஒப்புதல் பேச்சுகளில் அதுவும் ஒன்று. சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற மேலாளர்களுக்கு இது புரியாது.

ஒரு விஷயம். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முதலிலிருந்து கூட இருக்க வேண்டும். கடைசியில் வந்து கையெழுத்து மட்டும் போடுகிறவர் சாட்சி இல்லை. படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்கு உரியது, கேட்டு வாங்குங்கள்.

தொற்றுநோய் வார்டு டாக்டர்:

நேரம் இருக்காது என்பதைக் கொரோனா வார்டில் பார்த்தேன். தனிமை அறைக்குள் போன காகிதம் வெளியே வரக் கூடாது. நோயாளி உள்ளே கையெழுத்துப் போட்டு, படிவத்தைக் கண்ணாடியில் அழுத்திப் பிடிப்பார், நாங்கள் வெளியே நின்று படம் எடுப்போம். விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கையெழுத்தே தெரியாது. கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள் என்று சைகை காட்ட வேண்டும். மூச்சு வாங்குகிற மனிதரிடம்! அந்தப் படம்தான் ஆவணம், காகிதம் உள்ளேயே கழிவுப் பைக்குப் போய்விடும்.

அதே சமயம் வெளியே உறவினர்கள், ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தை ஏன் கொடுக்கவில்லை என்று சண்டை போடுவார்கள். பிரிட்டனில் 2020 மார்ச்சில் தொடங்கிய ரெக்கவரி ஆய்வு ஜூனிலேயே அதற்குப் பதில் சொல்லிவிட்டது: பலன் இல்லை. அதே மாதம் அதே ஆய்வு, மலிவான பழைய ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது என்று காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு நன்மை தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் இந்தக் கடைசி வரி மட்டும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைதான் கிடைக்குமோ என்று பயப்படுகிறவர்களிடம் காங்கோவில் 2018 நவம்பரில் தொடங்கிய எபோலா ஆய்வைச் சொல்வேன். அதில் அப்படிப் போலி மருந்து யாருக்கும் கிடையாது. 4 மருந்துகளில் ஏதோ ஒன்று எல்லோருக்கும் உண்டு. 681 பேர் சேர்ந்திருந்தார்கள். 2019 ஆகஸ்டில் இடைக்காலக் கணக்கைப் பார்த்த தனிக் கண்காணிப்புக் குழு, பின்தங்கிய இரண்டு மருந்துகளுக்கு ஆள் ஒதுக்குவதை அத்தோடு நிறுத்தச் சொன்னது. அந்த இரண்டில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருந்தார்கள், மற்ற இரண்டில் சுமார் மூன்றில் ஒருவர். பின்தங்கிய இரண்டில் ஒன்று ரெம்டெசிவிர். அடுத்த வருடம் கொரோனாவுக்காக அதே மருந்துக்கு எவ்வளவு அடிதடி என்று ஞாபகம் இருக்கும்.

ஒரு பையனின் அம்மா:

டாக்டர் தம்பி, உங்களுக்குச் சில மாதங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்கிறார்கள். என் மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு, தசைகள் மெல்ல மெல்ல வலுவிழந்து நடக்க முடியாமல் போகிற அரிய நோய். எங்களுக்கு ஆய்வு வருவதே அபூர்வம்.

வந்தபோது ஆறு நிமிட நடைச் சோதனை வைத்தார்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்ப்பார்கள். முதலில் குழந்தைக்கு எப்படி நடக்க வேண்டும் என்று வீடியோ காட்டுவார்கள். இரண்டு முனையிலும் கூம்பு வைத்திருப்பார்கள். இவன் பின்னாலேயே ஒருவர் கையை நீட்டினாற்போல் நடந்து வருவார். விழுந்தால் தூக்கி நிறுத்துவார், ஆனால் கடிகாரம் நிற்காது. அது ஓடிக்கொண்டே இருக்கும். என் மகன் விழுந்தான், எழுந்தான், கூம்பைச் சுற்றித் திரும்பும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான்.

தூரம் போதவில்லை, சேர்க்கவில்லை. ரொம்ப நன்றாக நடக்கிற பையன்களையும் சேர்ப்பதில்லையாம். ஒரு வருடத்துக்குள் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிற நிலையில் இருக்கிறவர்கள்தான் வேண்டும் என்றார்கள். காரணம் புரிகிறது, மனசு ஆறவில்லை. நடக்க முடியாமல் போனவர்களுக்கு மருந்து வேண்டாமா என்ன?

அப்புறம், மருந்தே இல்லாமல் வருடா வருடம் அளந்து எழுதிக்கொள்கிற ஆய்வு ஒன்றில் சேர்த்தோம். மருந்து கொடுக்காத இடத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று வீட்டில் சண்டை. இருக்கிற கொஞ்சம் பேரில் பாதிப் பேரை மருந்தில்லாமல் வைத்துப் பார்ப்பது கஷ்டம். நோய் தன் போக்கில் எப்படிப் போகிறது என்ற கணக்கு கையில் இருந்தால், ஒப்பிட அதை வைத்துக்கொள்ளலாம் என்று விளக்கினார்கள். பச்சைக் குழந்தைகளின் முதுகுத்தண்டுத் தசைநலிவுக்கு நுசினர்சென் என்ற மருந்தின் ஆய்வு நடந்தபோது, மூன்றில் ஒரு குழந்தைக்கு மருந்து கிடையாது. முதுகில் சின்னதாகக் குத்தி, பெற்றோருக்கே தெரியாதபடி பிளாஸ்திரி மட்டும் ஒட்டினார்கள். இடைக்கால முடிவு நன்றாக இருந்ததால் 2016இல் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி, அந்தக் குழந்தைகளுக்கும் மருந்து கிடைக்க வழி செய்தார்கள். அதைப் படித்த பிறகுதான் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார்.

காசநோயிலிருந்து மீண்டவர்:

எனக்கு வந்தது பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காத காசநோய். பெடாகுயிலின், பிரீடோமானிட், லினெசோலிட் என்ற மூன்று மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில் இருந்தேன். சளியிலிருந்து கிருமி போனது. பாதங்களில் எரிச்சல் வந்தது. இரவில் போர்வை பட்டாலே தாங்காது. காரணம் லினெசோலிட். ஒவ்வொரு தடவையும் ஆய்வு நர்ஸ் ஒரு கருவியைப் பெருவிரலில் வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று சொல்லச் சொல்வார். அவர் எழுதிக்கொள்ளும்போது எனக்கு எரிச்சலாக வரும். காலைச் சரிசெய்யாமல் என்ன எழுத்து?

இந்தக் கூட்டுமருந்தின் முதல் பெரிய ஆய்வு தென்னாப்பிரிக்காவில் 109 பேரிடம் நடந்தது. 90 சதவீதம் பேருக்கு நல்ல முடிவு, ஆனால் பெரும்பாலோருக்கு இதே நரம்புத் தொல்லை. அப்படி எழுதி வைத்ததால்தான் அடுத்த ஆய்வில் லினெசோலிடை 1,200 மில்லிகிராமிலிருந்து 600 ஆகக் குறைத்துப் பார்த்தார்கள். பலன் குறையவில்லை, தொல்லை குறைந்தது. இப்போது உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் 600தான்.

இன்னொன்று. நான் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டேன். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மறுபாதியை நெருக்கடியான அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாகத் தொற்றவில்லை என்று பிறகு முடிவு வந்தது. சானடோரியங்கள் காலியாகத் தொடங்கியதற்கு அவர்களும் ஒரு காரணம்.

ஆய்வகத்திலிருந்து:

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைப் பார்த்துக்கொள்கிறவன் நான். குழாயில் உங்கள் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். மிச்ச ரத்தத்தை வருங்கால ஆய்வுகளுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று படிவத்தில் பெரும்பாலும் தனிக் கட்டம் இருக்கும். நிறையப் பேர் பார்க்காமலே டிக் அடித்துவிடுகிறார்கள். அங்கே வேண்டாம் என்று சொன்னாலும் பொதுவாக ஆய்வில் இருக்கலாம்.

பையனின் அம்மா:

ஒரு சந்தேகம். மருந்து பலன் தருகிறது, ஆய்வு முடிந்துவிடுகிறது. அப்புறம் மருந்து யார் கொடுப்பார்கள்?

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்:

அம்மா, பலன் கண்டவர்களுக்கு ஆய்வுக்குப் பிறகும் மருந்து கிடைக்க ஏற்பாடு வேண்டும் என்று, மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது. அது அறிவுரை, உத்தரவாதம் இல்லை. படிவத்தில் அதற்கென்று ஒரு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கையெழுத்துக்கு முன்னாலேயே முதன்மை ஆய்வாளரிடம் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால் செலவு யாருடையது, நடு ராத்திரியில் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, இந்த இரண்டையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.