பாதையில் சகதி வந்தால் எங்கே கால் வைப்பீர்கள்?

ட்ரெக்கிங் போக ஆரம்பித்த புதிதில், சகதியைக் கண்டால் ஓரமாக ஒதுங்கிப் போவேன். ஷூ நனையக் கூடாது, அவ்வளவுதான் கவலை. ஒரு மழைக்கால முடிவில் அப்படி ஒதுங்கியபோது, மண்வெட்டியோடு குனிந்து நின்ற பெரியவர் ஒருவர் நிமிர்ந்தார்.

"தம்பி, இது ஒத்தையடிப் பாதைதானே? இங்க மட்டும் ஏன் வண்டி போற அகலம்?"

திரும்பிப் பார்த்தேன். சகதியைச் சுற்றி ஒருவர், அவர் மிதித்துச் சகதியாக்கியதைச் சுற்றி இன்னொருவர். புல் செத்து எட்டடிக்கு விரிந்து கிடந்தது. ஆகக் கடைசி ஓரத்தில் புதுத் தடம், என்னுடையது.

வெட்கத்தில் மதியம் வரை அவரோடு நின்றுவிட்டேன். பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு மரக்கட்டை பதித்திருந்தார்கள். மேலிருந்து வரும் மழைத்தண்ணீர் அதில் முட்டிப் பள்ளத்துப் பக்கம் இறங்கிவிட வேண்டும். ஆனால் சருகும் வண்டலும் சேர்ந்து கட்டையே தெரியவில்லை. தண்ணீர் அதைத் தாண்டிப் பாதையோடு ஓடி, கீழே தேங்கிச் சகதியாகியிருந்தது. வாரிய வண்டலை நான் மேட்டுப் பக்கம் வீசினேன். "அடுத்த மழைக்கு இங்கயேதான் வரும்" என்று என்னையே திரும்ப அள்ள வைத்தார். தண்ணீர் வெளியேறும் வாயை மண்வெட்டி அகலத்துக்கு வெட்டிவிட்டு நிமிர்ந்தேன். இன்னும் அகலம் என்றார். குறுகிய வாயை நாலு சருகு அடைத்துவிடுமாம். கடைசியில் பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்துப் பார்த்தோம்; சமர்த்தாகப் பள்ளத்துப் பக்கம் போனது.

*

மேலே எழுதியவராவது ஓரமாகத்தான் போனார். நான் கொண்டை ஊசி வளைவுகளை மதிக்காமல் நேராகச் சறுக்கி இறங்குகிற ஆள். குறுக்குவழியின் வாயில் காய்ந்த கிளைகள் கிடக்கும். காற்றில் விழுந்தது என்று நினைத்து இழுத்துப் போட்டுவிட்டுப் போவேன். யாரோ வேலை மெனக்கெட்டுப் போட்ட வேலி அது என்று பிறகுதான் தெரிந்தது. மலைச்சரிவு எவ்வளவு செங்குத்தோ, அதில் பாதிக்குமேல் பாதை செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது பாதை போடுகிறவர்கள் கணக்கு. மீறினால் தண்ணீர் பாதையைக் கடந்து போகாது, பாதையிலேயே ஓடும். நேர்க்குத்தாக இறங்கிய நான் அதற்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வருஷம் போனால் முழங்கால் ஆழத்துக்கு அரித்திருந்தது, கீழ்வளைவின் ஓரத்தையும் சேர்த்து.

*

நான் மூன்றாவது ஆள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதையில் சில நாள் நடந்திருக்கிறேன். 1937-இல் முழுமையடைந்த பாதை, சுமார் 3,500 கி.மீ. இன்றும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். வழிகாட்ட, மரங்களில் 2 அங்குல அகலமும் 6 அங்குல உயரமுமாக வெள்ளைப் பெயின்ட் பட்டை அடித்திருப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் பாதை திரும்பப் போகிறது, கவனி என்று அர்த்தம். மூடுபனியில் அதை நம்பித்தான் நடந்தேன். வேறொரு மலையில் இதே பனியில் கற்குவியல் ஒன்றை வழிகாட்டும் அடையாளம் என்று நம்பிப் போய், பாறை விளிம்பில் நின்றேன். யாரோ போட்டோவுக்காக அடுக்கியதாம்! தயவுசெய்து கல்லடுக்காதீர்கள்.

*

முதலில் எழுதியவன்தான். போன மாதம் அந்தக் கட்டை வழியாகப் போனேன். வாய் பாதி அடைந்திருந்தது. கையில் மண்வெட்டி இல்லை, ஷூ குதிகாலால் கீறித் திறந்துவிட்டு வந்தேன். ஷூ முழுக்கச் சகதி.