பட்டாளத்தில் சேருகிறவர்களுக்கு வாசிப்புச் சோதனை எதற்கு? சான்றிதழ் போதாதா?

கையேட்டுக்காரன்:
இயந்திரங்களுக்கு ஆங்கிலத்தில் கையேடு எழுதுவது என் வேலை. முடித்துவிட்டுக் கணினியில் பார்த்தால் 'வாசிப்பு நிலை 13' என்கிறது. அதாவது கல்லூரி மாணவனுக்குத்தான் புரியுமாம். இந்த அளவுகோலே ராணுவத்துக்காக வந்தது என்கிறார்கள், உண்மையா? பள்ளிச் சான்றிதழ் பார்த்துத்தானே ஆள் எடுக்கிறார்கள், அப்புறம் வாசிப்பைத் தனியாக ஏன் அளக்க வேண்டும்?

புத்தகப்புழு:
ஃபிளெஷ்-கின்கெய்டைச் சொல்கிறீர்கள். 1975ல் அமெரிக்கக் கடற்படைக்காகத் திருத்தி அமைத்தது. வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை, அவ்வளவுதான் கணக்கு. தமிழில் முயன்று பார்க்காதீர்கள். 'எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' ஒரே சொல், சூத்திரம் மயங்கி விழுந்துவிடும்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:
பதினாறு வருஷம் புதுப் பசங்களுக்கு வயர்லெஸ் செட் சொல்லிக்கொடுத்தவன் நான். சான்றிதழ் பற்றி என்னிடம் கேளுங்கள்.

செட்டோடு ஒரு அட்டை வரும். தமிழில் சொன்னால், 'சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தால் ஒழிய பேட்டரியைக் கழற்றக் கூடாது.' பன்னிரண்டாவது முடித்த பையன் ஒருவன் கணீரென்று வாசித்தான், ஒரு திக்கல் இல்லை. வாசித்த கையோடு பேட்டரியைக் கழற்றினான். சுவிட்ச் போட்டபடியே இருந்தது! பக்கத்தில் எட்டாவதோடு நின்ற ஒருவன், பட்டறையில் வேலை பார்த்தவன். அட்டையை எழுத்துக்கூட்டித்தான் படித்தான். ஆனால் நடுவில் நிறுத்தி, "முதலில் சுவிட்சா சார்?" என்று கேட்டான். வாசித்தது அவன்தான் என்பேன்.

அன்று மாலையே அட்டையின் பின்பக்கம் பேனாவால் எழுதினேன்: 1. சுவிட்சை அணை. 2. பேட்டரியைக் கழற்று. அதற்குப் பிறகு அந்தத் தவறு நடந்ததாக நினைவில்லை. மேலதிகாரியிடம் அட்டையைக் கிறுக்கியதற்குத் திட்டு வாங்கினேன், அது வேறு கதை.

அமெரிக்க ராணுவம் 1951லேயே பராமரிப்புக்கென்று படக்கதை பாணியில் மாத இதழ் கொண்டுவந்தது. வரைந்தவர் படக்கதை ஓவியர் வில் ஐஸ்னர். ஆளை மட்டும் திருத்தினால் போதாது, தாளையும் திருத்து என்று யாருக்கோ அப்போதே உறைத்திருக்கிறது.

புத்தகப்புழு:
படம் என்றாலும் ஜாக்கிரதை சார். 1917ல் அதே அமெரிக்க ராணுவத்தில் படிக்கத் தெரிந்தவர்களுக்கு 'ஆல்ஃபா', தெரியாதவர்களுக்கும் ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் 'பீட்டா' என்று இரண்டு சோதனை வைத்தார்கள். பீட்டாவில் வாசிக்க வாக்கியமே கிடையாது, ஒரு பகுதியில் படத்தில் விடுபட்டதை வரைய வேண்டும். ஒரு படத்தில் டென்னிஸ் ஆட்டம், வலை இல்லை. டென்னிஸே பார்க்காதவன் எதை வரைவான்? அதற்கு மதிப்பெண் போட்டு அறிவு என்று பெயர் வைத்தார்கள்.

கையேட்டுக்காரன்:
பயிற்றுநர் ஐயா, இப்போதுதான் என் கையேட்டில் 'அன்லெஸ்' (உங்கள் அட்டையின் 'ஒழிய') என்று தேடினேன். 41 இடம். உட்கார்ந்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:
சரி, அப்படியே 'பிஃபோர்' (முன்பு) எத்தனை என்றும் தேடிப் பாருங்கள்.