முடிவு டைம்கோடில் வீடியோ நிற்காமல் தாண்டுகிறது
ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வீடியோ பிளேயர் எழுதுகிறேன். தொடக்க, முடிவு டைம்கோட் (மணி:நிமிடம்:விநாடி:ஃபிரேம்) கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் ஓட வேண்டும். தொடக்கம் சரியாக வருகிறது. முடிவில்தான் சில ஃபிரேம்கள் தாண்டி, அடுத்த ஷாட் எட்டிப் பார்க்கிறது.

கோப்பு எம்பி4, எச்.264, விநாடிக்கு 29.97 ஃபிரேம், டிராப் ஃபிரேம் டைம்கோட் (கடிகாரத்தோடு ஒத்துப்போக சில ஃபிரேம் எண்களை விட்டு எண்ணும் முறை). நிமிடத்துக்கு இரண்டு எண்கள் விடுபடும் கணக்கை (ஒவ்வொரு பத்தாவது நிமிடமும் தவிர) போட்டுத்தான் விநாடியாக மாற்றுகிறேன். அதில் பிழை இல்லை.

வீடியோ ஓடும்போது பிரவுசர் அவ்வப்போது எழுப்பும் 'டைம்அப்டேட்' நிகழ்வில் நிறுத்திப் பார்த்தேன். அது 250 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் வரும் என்றால் ஏழு ஃபிரேம் போச்சு! வீடியோ முகவரியில் மீடியா ஃபிராக்மென்ட் (#t=தொடக்கம்,முடிவு) சேர்த்தால் முதல் முறை நிற்கிறது. மறுபடி பிளே அழுத்தினால் ஓடிக்கொண்டே போகிறது. திரை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் நேரத்தைப் பார்க்க உதவும் ரெக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் பரவாயில்லை, ஆனாலும் ஒன்றிரண்டு ஃபிரேம் தப்புகிறது.

புது வீடியோ ஃபிரேம் வரும்போது அழைக்கப்படும் ரெக்வெஸ்ட்வீடியோஃபிரேம்கால்பேக் தரும் மீடியாடைமை (அந்த ஃபிரேமின் நேரம்) வைத்து முடிவு ஃபிரேமிலேயே பிடித்து நிறுத்த முடியுமா?