தரம் 1 பிள்ளைகளுக்கான கணிதச் சொற்கள்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 1 பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். அவர்கள் எண்ணுவதில் அல்ல, சொற்களில்தான் தடுமாறுகிறார்கள். வீட்டில் 'கூட', 'கம்மி', 'ஒசரம்' என்று பேசிப் பழகிய பிள்ளை, வகுப்பில் 'கூடியது', 'குறைந்தது', 'உயரம்' என்று கேட்டதும், தனக்குத் தெரிந்ததையே தெரியாதது என்று எண்ணி வாய்மூடி நிற்கிறது. 'சக' (+), 'சய' (−), 'சமன்' (=) ஆகியவை முற்றிலும் புதியவை.

சென்ற வாரம் தேயிலை விதைகளை வரிசையாக வைத்து எண்ணிய சிறுமி ஒருத்தி, இருபத்தொன்பதுக்கு அடுத்து 'இருபத்திப்பத்து' என்றாள். பிழைதான்; ஆனாலும் எண்களின் ஒழுங்கை அவள் பிடித்துவிட்டாள் என்று மகிழ்ந்தேன்.

'அரை' என்பதை, பெற்றோர் 'அரைப்பேர்' (தோட்ட வேலையில் அரைநாள் சம்பளம் மட்டும் கிடைப்பது) என்று கவலையோடு பேசும்போதே இவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆகவே ரொட்டியை இரு சம துண்டுகளாகப் பிய்த்துக் காட்டி அச்சொல்லைப் புதிதாகத் தொடங்கினேன்.

எனக்கு மிகவும் சிக்கலாக இருப்பது 'முன்', 'பின்' என்னும் சொற்கள். வரிசையில் முன்னால் நிற்பவரைச் சரியாகக் காட்டும் பிள்ளைகள், ஐந்துக்கு முன் வரும் எண்ணைக் கேட்டால் ஆறு என்கிறார்கள். வீட்டுச் சொல்லிலிருந்து பாடநூற் சொல்லுக்குப் படிப்படியாக அழைத்துச் செல்லும் பாட்டு, விளையாட்டு, பட அட்டை எதுவாயினும், பயன்படுத்திப் பார்த்த ஆசிரியர்களும் பெற்றோரும் தயவுசெய்து இங்கே பகிருங்கள்.