ஆராய்ச்சி என்று சொல்லி உங்களைப் பேட்டி எடுத்தார்களா? நடந்ததைச் சொல்லுங்கள்

செந்தூல் மருமகள்

புலம்பெயர்வு ஆராய்ச்சி என்று பை நிறையக் காகிதத்தோடு வருகிறவர்களை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வயதானவர் இருக்கும் வீடு என்றால் ஒருமுறையாவது வந்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு 2019ல் ஒரு பெண் வந்தாள். முனைவர் பட்டத்துக்காம். என் மாமியாரின் அம்மாவைப் பார்க்க வந்தாள். பாட்டிக்கு அப்போது 90 வயது.

பாட்டி 2 மணி நேரம் பேசினார். 1937ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியது, கப்பல் பினாங்கு வந்தும் ஊருக்குள் விடாமல் நோய்த் தடுப்புக்காக ஜெரஜாக் தீவில் இறக்கி வைத்தது, தோட்டத்து லயத்து வீட்டில் முதல் ராத்திரி எல்லாம் சொன்னார். நாங்களே கேட்டிராத கதைகள். கடைசியில் அந்தப் பெண் ஒரு சம்மதப் படிவத்தை எடுத்தாள். பாட்டிக்குக் கையெழுத்து வராது. "பரவாயில்லை பாட்டி, கைரேகை போதும்" என்று பையிலிருந்து நீல மை டப்பாவைத் திறந்தாள்.

பாட்டி சட்டென்று வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "எங்கப்பா இப்படித்தான் வெச்சாரு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண் கெஞ்சினாள், நானும் கெஞ்சினேன். கை வெளியே வரவே இல்லை. சம்மதம் இல்லாமல் பதிவைப் பயன்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டுப் போனவள்தான்.

பாட்டி 2021ல் தவறிவிட்டார். எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது அந்த முந்தானை.

ஓய்வுபெற்ற வாத்தியார், ஈப்போ சாலை

உருக்கமான பதிவு. ஒரு திருத்தம் மட்டும். கைநாட்டு வைத்துக் கூட்டிவந்த ஒப்பந்தக் கூலி முறை மலாயாவுக்கு 1910லேயே நின்றுவிட்டது. அதன் பிறகு பலர் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர், மூலம் வந்தவர்கள். கப்பல் கட்டணத்தை 1907ல் தொடங்கிய குடியேற்ற நிதி கொடுத்தது, அதற்குப் பணம் கட்டியது தோட்ட முதலாளிகள். சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு யாரும் விலகலாம். 1938ல் இந்திய அரசு அப்படி உதவி கொடுத்து ஆள் அனுப்புவதையும் தடுத்துவிட்டது. ஆகவே 1937ல் வந்தவரின் அப்பா எதிலும் கைநாட்டு வைத்திருக்க முடியாது.

செந்தூல் மருமகள்

ஐயா, கங்காணி ஊரில் கொடுத்த முன்பணத்துக்குக் கடன் சீட்டு எழுதி வாங்கினான். அதில் வைத்தார். ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்கலாம் என்று கங்காணி வந்து சொல்லியிருப்பானா?

பரோட்டா கல்

நான் ராமநாதபுரம். மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையில் 7 வருடம் இருந்தேன். 2018ல் ஒரு மேடம் வந்தாங்க, பேராசிரியராம், நல்லாத் தமிழ் பேசினாங்க. மதியக் கூட்டம் முடிந்து கல்லை அணைத்திருந்த நேரம். மூன்றாவது மேசையில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாங்க. ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினீர்கள், எத்தனை பேர் ஒரு அறையில் படுக்கிறீர்கள், மாதம் ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறீர்கள். எல்லாம் உண்மைதான் சொன்னேன்.

அப்புறம் கேட்டாங்க, "உங்கள் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது?"

முதலாளி கல்லாவில். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தண்ணீர் ஜக்குதான். சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணுவதை நிறுத்தினார். தலை நிமிரவில்லை, சத்தம் மட்டும் நின்றது.

"என்கிட்டதான் இருக்கு மேடம்" என்றேன். அவங்க ஒரு கட்டத்தில் டிக் போட்டாங்க. சில்லறைச் சத்தம் மறுபடி வந்தது.

அவ்வளவுதான் விஷயம். ஆனால் எங்கேயோ ஒரு அறிக்கையில் இத்தனை பேர் கையில் பாஸ்போர்ட் இருக்கிறது என்று ஒரு எண் இருக்கும். அந்த எண்ணில் நான் ஒருத்தன்.

ஓய்வுபெற்ற வாத்தியார், ஈப்போ சாலை

தம்பி, நீங்கள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது மலேசியாவின் 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். என்னையும் ஒருவர் பேட்டி எடுத்தார். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பற்றி. நன்றாகவே போனது, சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எல்லோருக்கும் சில வார்த்தைகள். ஆய்வாளர் வந்தால் முதலில் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். மாணவர் என்றால் வழிகாட்டிப் பேராசிரியரின் பெயர், அலுவலகத் தொலைபேசி எண் கேட்டு எழுதி வையுங்கள். ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணையோ பெர்மிட் எண்ணையோ கொடுக்காதீர்கள், நல்ல ஆய்வுக்கு அது தேவைப்படாது. பிடிக்காத கேள்வியைத் தாண்டிப் போகலாம், பாதியில் எழுந்தும் போகலாம். கொடுத்த பேட்டியைப் பிறகு வேண்டாம் என்று திரும்பக் கேட்கவும் முடியும். எந்தத் தேதி வரைக்கும் முடியும் என்று சில படிவங்களிலேயே போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. செந்தூல் அம்மா கவனிக்க: கையெழுத்து வராதவரிடம் கைரேகைதான் வேண்டும் என்று கிடையாது. "சம்மதம்" என்று வாயால் சொன்னதைப் பதிவு செய்தாலே பல இடங்களில் ஏற்பார்கள். அந்த மாணவி தன் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேட்டிக்கு இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். கோயில் மண்டபம், பூங்கா, எதுவானாலும் சரி. கடைக்குள் வேண்டவே வேண்டாம். பதிவின் பிரதி ஒன்று கேளுங்கள். கட்டுரை வெளிவந்தால் அனுப்பச் சொல்லுங்கள். கொடுக்கும் 20 வெள்ளியை (ரிங்கிட்) வாங்கிக்கொள்வதில் தவறில்லை, ஆனால் எதற்கு என்று கேட்டு வாங்குங்கள்.

பரோட்டா கல்

அண்ணே, பெர்மிட் அந்த முதலாளி பேரில். அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கே நான் கள்ளக்குடியேறி. வெளியே வந்து பேசலாம் என்றால் வாரத்தில் எனக்கு எந்த நாள் லீவு? சட்டம் 1966 என்று மேடத்துக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

இடையில் நிற்பவள்

வாத்தியாருக்கு என் ஓட்டு இல்லை. இந்த வேலையில் மறுபக்கம் இருந்தவள் நான். பினாங்கில் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியருக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக 3 மாதம். அவர் கெட்டவர் இல்லை. படகில் பட்டர்வொர்த் போகும்போதுகூட ஆட்களோடு நின்றே பேசுவார். லெபோ பசாரில் பூக்கட்டும் ஒரு அம்மா, திருவாரூர்ப் பக்கம். "ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று கேட்டோம். "பிழைக்கத்தான்" என்றார், நாரைப் பல்லால் இழுத்துக்கொண்டே.

நான் "வேலை செய்து சம்பாதிக்க" என்று சொன்னேன். அவர் 'பொருளாதாரக் காரணம்' என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டார். 'வன்முறை' என்று அடுத்த கட்டம் இருந்தது.

அன்று மாலை ரசீது எழுதும்போதுதான் அந்த அம்மாவின் முன்கையில் இருந்த தீக்காயம் எனக்கு உறைத்தது. பழைய காயம், முழங்கை வரைக்கும். பிழைக்க என்று அவர் சொன்னது எந்தப் பிழைப்பை? உயிர் பிழைத்ததையும் நாம் அதே சொல்லால்தானே சொல்கிறோம். பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். "அவர் அப்படிச் சொன்னாரா, அல்லது நீ நினைக்கிறாயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மறுபடி போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கட்டம் அப்படியே இருக்கிறது.

சிவப்பு ஐ.சி. மகன்

எங்கள் அப்பாவை ஒரு குழு தேடி வந்தது. முதல் கேள்வி: "எந்த ஆண்டு மலேசியாவுக்கு வந்தீர்கள்?"

அப்பா பிறந்தது நிபோங் திபால் தோட்டத்தில், 1949ல். கப்பலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். குடியுரிமைத் தாள்களை யாரும் எடுத்து வைக்கவில்லை, நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐ.சி.யோடு நின்றுவிட்டது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு 1969ல் வேலை பெர்மிட் கட்டாயமான பிறகு, தான் பிறந்த தோட்டத்திலேயே வேலை செய்ய பெர்மிட் எடுத்தவர்.

அப்பா யோசித்துவிட்டு "1949" என்றார். எழுதிக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார், ஈப்போ சாலை

அது தவறான பதிவு. ஐ.நா. கணக்கில் பிறந்த நாட்டைக் கொண்டுதான் எண்ணுவார்கள். அந்தத் தகவல் இல்லாத நாடுகளில்தான் குடியுரிமையைக் கொண்டு எண்ணுவது. உங்கள் அப்பா எங்கிருந்தும் புலம்பெயரவில்லை. திருத்தச் சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள், நான் வரைவு போட்டுத் தருகிறேன்.

சிவப்பு ஐ.சி. மகன்

ஐயா, தேசியப் பதிவிலாகாவுக்கு எழுதிய கடிதங்களே ஒரு கோப்பு நிறைய இருக்கிறது. அதற்கு ஒரு வரைவு போட்டுக் கொடுங்கள்.

செந்தூல் மருமகள்

வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. வாயால் சொன்னால் போதும் என்றால், பாட்டி 2 மணி நேரம் மனம் விட்டுப் பேசினாரே, அது என்ன? அந்தப் பதிவு வேண்டும். ஆய்வுக்கு இல்லை, எங்களுக்கு. அந்தப் பெண்ணின் மின்னஞ்சல் தேடி எடுத்து எழுதியிருக்கிறேன்.

பரோட்டா தம்பி, உங்கள் மேடத்தின் எண் இருக்கிறதா? இப்போது நீங்கள் அந்தக் கடையில் இல்லையே, மாற்றிச் சொல்லலாமே.

பரோட்டா கல்

பர்ஸில் அவங்க கார்டு இருந்தது அக்கா. இப்போதுதான் கூப்பிட்டேன். இந்த எண் சேவையில் இல்லை என்று மலாயில் ஒரு பெண் குரல் சொல்கிறது.

செந்தூல் மருமகள்

எனக்கும் மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. நாளைக்கு அவள் படித்த துறைக்கே நேரில் போய்க் கேட்கப்போகிறேன். மேடத்தின் கார்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், அதே வளாகம் என்றால் அதையும் விசாரித்துவிட்டு வருகிறேன்.